தேபேசுக்கு நீ வருமுன்

தம்பி எலியாதாவுக்கு, தேபேசிலிருந்து உன் அக்காள் அக்சாள் சொல்லி எழுதுவிப்பது. உனக்கும் உன் கூடாரத்துக்கும் சமாதானம்.

திப்னி மாண்டார், இனி உம்ரியே ராஜா என்று நேற்று ஊர்வாசலில் கூவினார்கள். வருஷக்கணக்கில் ஆளுக்கொரு ராஜாவை வைத்துக்கொண்டு வெட்டிமாய்ந்த ஜனம், கேட்டுவிட்டுக் கலைந்துபோயிற்று. உம்ரியின் சேனையில் நீ ஆயிரம்பேருக்கு அதிபதியாமே. அப்பா இருந்தால் கிடா அடித்திருப்பார்.

உன் அத்தான் நேமுவேல் பார்லி அறுப்பின்போது இறந்ததை யாராவது சொல்லியிருப்பார்கள். எப்படி என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

அவர் திப்னியின் பக்கம். அதனால்தானே போன பண்டிகையில் நீங்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். ஆனால் உங்கள் படையாள் ஒருவன் தொடையில் ஈட்டிக் குத்தோடு எங்கள் திராட்சைத் தோட்டத்தில் கிடந்தபோது, தோளில் தூக்கி வந்தவர் அவர்தான். நான் பயந்தேன். "எலியாதா எங்கயாவது இப்படி விழுந்து கிடந்தா, யாராவது தூக்க வேண்டாமாடி?" என்றார்.

மூன்றாம் நாள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வயல் அகிராம் ஆட்களோடு வந்து, "உம்ரியோட நாயை வெளியே விடுடா!" என்று கத்தினான்.

"என் வீட்டு அப்பத்தைத் தின்னவன். என்னைத் தாண்டித்தான் அவனைத் தொடணும்" என்று வாசலை மறித்து நின்றார் உன் அத்தான்.

நான் அவனைக் கழுதைமேல் ஏற்றிப் பின்பக்கமாக அனுப்பிவிட்டு ஓடிவந்தேன். அதற்குள் கல்லெறிந்து முடித்திருந்தார்கள். முதல் கல் அகிராமுடையது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தப் படையாள் உங்களிடம் வந்து சேர்ந்தானா என்றுகூடத் தெரியவில்லை.

நீ படையோடு இந்த ஊருக்கு வருகிறாய் என்று கேட்டும் அகிராம் ஓடவில்லை. வீட்டைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவி கைக்குழந்தையோடு வந்து, "அக்கா, உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்று என் காலைப் பிடித்தாள். கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே அந்தக் குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

தம்பி, நான் அவனை மன்னிக்கவில்லை. அவன் நிழலைக் கண்டாலே வயிறு எரிகிறது. ஆனாலும் நீ அவனை வெட்டினால், அந்தப் பிள்ளை வளர்ந்து உன் பிள்ளையைத் தேடி வருவான். இந்தத் தெருவுக்கு நான் ஒருத்தி விதவையாய் இருப்பது போதும்.

படையை மலையடிவாரத்தில் நிறுத்திவிட்டு நீ மட்டும் வா. பயற்றங்கூழ் காய்ச்சி வைக்கிறேன். முதலில் என் வீட்டுக்கு வா. கர்த்தர் உன் கையைச் சுத்தமாய் வைப்பாராக.

உன் அக்காள்,
அக்சாள்