களி கிண்டத் தெரியாதவனுக்கு

பூவரசா,

விடியற்காலையில் போன் அலறியபோது நீ போர்வையை இழுத்து மூடிக்கொண்டாய். உன் அக்கா நிர்மலாவுக்கு மூன்று நாளாகக் கடும் காய்ச்சலாம். நான் இண்டூருக்கு, அவள் வீட்டுக்குப் போகிறேன்.

குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. களி கிண்ட உனக்குத் தெரியாது, சோறாவது வடித்துக்கொள். அக்கா கையில் பத்து வயதிலேயே களி கிண்டும் துடுப்பைக் கொடுத்தேன். உனக்கு இருபத்தாறு வயதிலும் தட்டில் போட்டு நீட்டுகிறேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறக்காதே.

பி.கு.: காய்ச்சலோடு அவள்தான் சமைக்கிறாளாம். மாப்பிள்ளை டிவி முன்னால் உட்கார்ந்து காபி கேட்கிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவரைப் பெத்தவ என்னத்தைடி சொல்லிக்குடுத்து வளத்தா?" என்று போனிலேயே அவளிடம் கத்தினேன்.

"நீ தம்பியை வளத்த மாதிரிதாம்மா" என்றாள்.