முப்பத்திரண்டு இஞ்ச்

புது டிவியின் அளவைப் பற்றிச் சண்டை போட்டு மூன்று நாளாகப் பேசாதிருந்த மனைவி பகவதி, காலையிலேயே கோயிலுக்குப் போயிருந்தாள். ஆபீசுக்குக் கிளம்புமுன் தாணுமாலயன் அவளுக்கு எழுதி வைத்தான்:

“பதினொரு மணிக்கு டிவி கொண்டு வருவாவ. அம்பத்தஞ்சு இஞ்ச் இல்ல, நீ சொன்ன முப்பத்திரண்டுதான். நேத்து உன் பழைய பட டிவிடியைக் கடையில போட்டுப் பாத்தேன். பெரிய திரையில ஆறு, தோணி, முகம் எல்லாம் கலங்கிப் போச்சு. சின்னதுல ஆத்து மேல பனிமஞ்சு இறங்குறதுகூடத் தெளிவாத் தெரிஞ்சுது. சொப்பனம் மாதிரி அங்கேயே நின்னுட்டேன், கேட்டியா. புளிசேரி அடுப்பு மேல இருக்கு.”

வாசல்வரை போனவன் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினான்:

“சின்ன டிவி. தள்ளித் தள்ளி இருந்தா சரிவராது. ரெண்டு நாற்காலியையும் பக்கத்துல போட்டிருக்கேன்.”