கவினுக்கு முகாம் தேடியது

ஆடி 3, சனி, இரவு

பிள்ளைகளுக்கான விடுமுறை முகாம் ஒன்றை இன்று போனில் கண்டுபிடித்துவிட்டேன். ஆப்பிரிக்காவில் அக்கா இருக்கும் ஈக்குவடோரியல் கினியில், கடற்கரை ஓரம். அக்காவுக்கு அடுத்த மாதம் பிரசவம். படுத்தே இருக்க வேண்டுமாம். அத்தான் எண்ணெய்க் கிணற்று வேலைக்குக் கடலுக்குள் போனால் வாரக்கணக்கில் வருவதில்லை. ஆறு வயது கவினை யார் பார்ப்பது? முகாம் கிடைக்காவிட்டால் நான் போக வேண்டும். அதனால்தான் அப்படித் தேடினேன்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "இடம் இருக்காம்டி. நாளைக்குச் சேர்த்துடவா?"

அம்மா களையெடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். "இவளுக்கு பாஸ்போர்ட்டு எடுத்தது பீரோவுக்குக் காட்டவா?" என்றாள். தஞ்சாவூர் பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே எனக்கு வாய் வராது. விமானம் மாறி எப்படிப் போவேன்?

பிறகு கவின் போனை வாங்கினான். "சித்தி, அங்க பாத்ரூம் போகணும்னா எப்படிக் கேக்கணும்?"

அந்த முகாமில் எல்லோரும் ஸ்பானிஷ்தான் பேசுவார்களாம். இவன் தெரிந்த பாஷையிலேயே கேட்க மாட்டான். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எட்டாவதில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். யூனிஃபார்ம் நனைந்த அன்றோடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது.

சற்றுமுன் அக்காவுக்கு, "சேர்க்காதே, நான் வர்றேன்" என்று அனுப்பினேன். ஒற்றை டிக்தான் விழுந்திருக்கிறது. அங்கே நெட் இல்லை போல. போன் கையில் இருந்தால் அவள் பார்ப்பதற்குள் நானே பயந்து அழித்துவிடுவேன். அதனால் போனைத் தூங்கும் அம்மாவின் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு வந்து எழுதுகிறேன்.