மாமியின் கழுத்துக்கு ஒரு கம்பளிப் பட்டை

ஜனவரி, ஞாயிறு இரவு.

டெங்குவில் நான் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர் மாடி வீட்டு மாமி. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு, தழும்பு தெரியுமே என்று அவர் வெளியே போவதே இல்லை. அவருக்காகப் பல நிறக் கம்பளியில் கழுத்துப்பட்டை பின்னி இன்று கொடுத்தேன். தலை வழியே இறங்கவில்லை. நிறம் மாற்றும்போது உட்புறம் ஓடும் நூல்களை இறுக்கி இழுத்திருக்கிறேன்; பட்டை விரியவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமி சிரித்தார். “பிரிச்சுடு, நான் நூலைச் சுத்தறேன். பெருசாப் பின்ன நீலம் போதாதுடி. வா, வாங்கிண்டு வரலாம்.”

கழுத்தை மறைக்கும் சால்வையை மறந்துவிட்டு லேக் கார்டன்ஸ் நூல் கடை வரை நடந்தார். நான் நினைவூட்டவில்லை. நீல நூலை எடுத்துப் போட்ட கடைக்காரர் தழும்பையே பார்த்தார்.

“அண்ணா, இதைவிட அடர் நீலம் இருக்கா?” என்று மாமி வங்க மொழியில் கேட்டார்.

பின்னும்போது என் கை இறுகியதும் நல்லதுக்குத்தான்.