இடுப்பில் கட்டிய பதினோரு ராத்தல்

சேசு மரி சூசை

தூத்துக்குடி
1948 செப்டம்பர் 19

அன்பு மகன் தனிஸ்லாசுக்கு அம்மா எழுதிக்கொள்வது. பனிமய மாதா காவலில் நானும் உன் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். பம்பாய் மழையில் உனக்கு வந்த இருமல் நின்றதா இல்லையா, பதிலில் அதை முதல் வரியாக எழுது. கொழும்பில் உன் அக்கா ரெஜினா தேறிவிட்டாள், வயிற்றுத் தையல் பிரித்தாயிற்று, இரண்டு வேளை சோறு கேட்டுச் சாப்பிடுகிறாள். பிள்ளை உன்னைப் போலவே மூக்கைச் சுருக்கிக்கொண்டு அழுகிறான். நான் புதன்கிழமைக் கப்பலில் வந்து இறங்கினேன். போய்ச் சேர்ந்த அன்றைக்குக் கொழும்பிலிருந்து உனக்குச் சுகமாய்ச் சேர்ந்தேன் என்று தந்தி கொடுத்தேனே, அது பாதி உண்மைதான். திருச்சியில் என்ன நடந்தது என்று உன் ஏரோப்ளேன் கம்பெனி ஆட்கள் யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன், கோபப்படாமல் வாசி.

அக்காவுக்குப் பிரசவத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டிவரும், அம்மாவைக் கேட்டு அழுகிறாள் என்று மருமகனின் தந்தி வந்தபோது கொழும்புக் கப்பல் முந்தின நாள்தான் போயிருந்தது. நீ பம்பாயிலிருந்தே தந்தியடித்து, கம்பெனியில் உன் பெயரைச் சொல்லி எனக்குத் திருச்சியிலிருந்து ஏரோப்ளேனில் இடம் வாங்கிக் கொடுத்தாய். பெட்டி நாற்பத்து நாலு ராத்தலுக்கு மேல் போகக்கூடாது என்றும் அதிலேயே சொல்லியிருந்தாய். நானும் அப்பாவும் பண்டகசாலைத் தராசில் நிறுத்து நிறுத்து, உளுந்து, நல்லெண்ணெய், மருந்துச் சாமான், பிள்ளைத்துணி எல்லாம் சேர்த்துச் சரியாக நாற்பத்து நாலில் பெட்டியைக் கட்டினோம். கருப்பட்டிக்குத்தான் இடமில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கருப்பட்டி இல்லாமல் எப்படி? பதினோரு ராத்தல் கருப்பட்டியைத் துணிப்பையில் போட்டுத் தனியாக எடுத்துக்கொண்டோம்.

திருச்சியில் பெட்டியை நிறுத்தார்கள், பிறகு என்னையும் தராசில் ஏற்றி நிறுத்தார்கள், இத்தனை ஆம்பளைகள் முன்னால் எனக்கு முகம் எரிந்தது. எடை எழுதினவர் சங்கரபாண்டியன் என்று நம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், உன் வயதுதான் இருக்கும், தங்கமான பேச்சு. “அம்மா, கையில வேற ஒண்ணும் இல்லல்லா?” என்று கேட்டார். ஒன்றும் இல்லை ஐயா என்று சொல்லிவிட்டேன். நேரே வேலிப்பக்கம் போய் உன் அப்பாவிடம் பையை வாங்கி, பெண்கள் அறைக்குள் போய்ச் சேலைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். உன் அப்பாவைத்தான் தெரியுமே, இருபத்தாறு வருடமாகத் தோணி ஓட்டும் தண்டல், சரக்கு ஒரு மூட்டை கூடினால் முதலாளியே நின்று கெஞ்சினாலும் பாயை விரிக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர் அன்றைக்கு, “ரெண்டு கருப்பட்டியிலயா அது கீழ வுழப் போவுது? கெட்டிக்கிட்டுப் போளா” என்றார். பெற்ற மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் நியாயம் எல்லாம் எங்கே போகிறது பார்.

அதன்பிறகு ஏறுவதற்குக் காத்திருந்தோம். பதினொரு மணி வெயில், ஒரு பொட்டுக் காற்று இல்லை. சங்கரபாண்டியன் மறுபடி வந்து, இந்த வெக்கையில் இன்னும் பதினைந்து ராத்தல் இறக்கினால்தான் விமானி எடுப்பேன் என்கிறார் என்று சொல்லி, கடைசியாக வந்த பெண்ணின் சின்னப் பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னார். அவள் கைக்குழந்தைக்காரி, பெட்டிக்குள் முழுக்கப் பால்மாவு டின். வேறு பால் பிள்ளைக்குச் சேராது என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவரும் கலங்கித்தான் போனார். “நான் என்னம்மா செய்யட்டும், தாளுல எழுதுன எடைய வச்சுத்தான் எம்புட்டுத் தூரம் ஓடி எழும்பணும்னு அவுரு முடிவு பண்ணுதாரு. அதுக்கு மேல ஏத்துனா அத்தன பேருக்கும் ஆபத்துல்லா” என்றார். அவள் டின்களை எடுத்து ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தாள். நான் பக்கத்தில் பதினோரு ராத்தலைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். வெயிலில் கருப்பட்டி இளகிச் சேலை இடுப்போடு ஒட்டுகிறது. மூன்று டின் வரைக்கும் பார்த்தேன் மகனே, அதற்குமேல் முடியவில்லை.

தம்பி, நீங்கள் எழுதின எண் தப்பு, நான் பொய் சொல்லிவிட்டேன் என்றேன். அவருக்கு முகத்தில் இரத்தமே இல்லை. தாளில் கையெழுத்துப் போட்டு விமானியிடம் கொடுத்தாயிற்றாம். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை, ஓடிப்போய் அந்தத் தாளை வாங்கிக் கிழித்துவிட்டு எல்லாரையும் திரும்பத் தராசில் ஏற்றினார். அப்போதுதான் கூத்து. ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் கோட்டுக்குள்ளிருந்து வெண்கலக் குத்துவிளக்கைத் தண்டு வேறு தகழி வேறாக எடுத்து வைத்தார். “நான் மட்டுந்தான்னு நெனச்சேன்” என்றார், பாவம். ஒரு காண்ட்ராக்டர் கைப்பையில் இரும்பு மறையாணிகள். என் கருப்பட்டியும் சேர்த்து முப்பத்தொன்பது ராத்தல் தாளில் இல்லாமல் ஏற இருந்தது. எல்லாம் வேலிக்கு வெளியே போயிற்று. என் பெட்டியையும் திறந்து உளுந்தும் எண்ணெயுமாகப் பதினைந்து ராத்தல் நானே இறக்கி வைத்தேன், பால்மாவுப் பெட்டி ஏறியது. உன் அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

இதில் முக்கால் மணி நேரம் போயிற்று. அந்த நேரத்தில் அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன். ஏரோப்ளேன் ஓட ஆரம்பித்தபோது செபமாலையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். ஓடுகிறது ஓடுகிறது, எழும்பவே இல்லை. கடைசி வேலி எதிரே வந்துவிட்டது என்று நினைத்தேன், அப்புறம்தான் அது கீழே போனது, வேலியோரம் மேய்ந்த வெள்ளாட்டின் காது தெரிந்தது. அந்த முப்பத்தொன்பது ராத்தலும் கூட இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். கொழும்பில் ஆஸ்பத்திரிக்குள் போனபோது அக்காவை ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். என் கையைப் பிடித்தாள். கருப்பட்டி எங்கே என்று அவள் கேட்கவே இல்லை.

சங்கரபாண்டியன் தாமதத்துக்குக் காரணம் எழுதும்போது என்னைக் காப்பாற்ற எதையும் மறைக்கவில்லை, சரியாகச் சோதிக்காதது தன் பிழை என்றும் சேர்த்தே எழுதினாராம். பத்து நாள் வேலையை நிறுத்தி வைத்தார்கள். குற்றம் முழுவதும் என்னுடையது என்று நான் கொழும்பிலிருந்தே அவர்கள் ஆபீசுக்கு எழுதினேன், இப்போது திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று கார்டு போட்டிருக்கிறார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து அவர் கொடுத்த அபராதச் செபமும் முடித்தேன், ஆனால் அந்தக் கார்டைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மகனே, போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய், வியாபாரிகள் திட்டுகிறார்கள், மேலே இருப்பவர் கொஞ்சம் குறைத்து எழுது என்கிறார், இந்தத் தராசு வேலையை விட்டுவிட்டுத் தோணிக்கே வருகிறேன் என்று. முன்பு என்றால் வா ராசா என்று உடனே எழுதியிருப்பேன். நீ எடை போடுகிறவன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, இங்கே எல்லாரிடமும் ஆபீசர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது வராதே. உன் அப்பாவிடம் கேட்டேன், “அவன் அங்கனயே நிக்கட்டும். கொறச்சு எழுதச் சொன்னா மாட்டேன்னு சொல்லட்டும். வேலய விட்டு அனுப்புனா அன்னைக்குத் தோணி இருக்கு” என்றார். எனக்கும் அதுதான்.

மாதா உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, இருமலுக்குச் சுக்குக் கஷாயம் குடி. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. என்னைப் போல ஒருத்தி தராசில் ஏறினால் தனியே கூப்பிட்டு, மெதுவாக, இரண்டு தடவை கேள். முதல் தடவை நாங்கள் பொய்தான் சொல்லுவோம்.

உன் அன்புள்ள அம்மா,
இஞ்ஞாசியம்மாள் மச்சாது