நீங்கள் வாசித்துக் காட்டிய கடைசி அத்தியாயம்

அந்த மூத்தவள் தங்கச்சி வீட்டு வாசல் படலையைத் திறக்கவே இல்லையே அக்கா! கையை வைத்தாள், உள்ளே தங்கச்சியும் பிள்ளைகளும் சிரிக்கிற சத்தம் கேட்டது, திரும்பி நடந்து பஸ் ஏறிவிட்டாள். அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு வெறும் தாள். மூன்று முறை வாசித்துப் பார்த்துவிட்டேன். பிள்ளையாரே, அதேதான்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நான்காம் நாள் உங்கள் மருமகள் இந்த நாவலைக் கொண்டுவந்து தந்தாள். "மாமி உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவா. அலுமாரியிலை தேடி எடுக்கப் பிந்திப்போச்சு" என்றாள். சீமெந்துப் பைத்தாளில் நீங்கள் போட்ட அதே உறை. திறந்ததும் நீங்கள் பூச்சிக்கு வைத்த வேப்பிலைச் சருகு மணத்தது. உங்கள் குரலே வந்துவிட்டது போல இருந்தது. அதனால்தான் முதலிலிருந்து தொடங்காமல், எனக்குப் பிடித்த கடைசி அத்தியாயத்தை எடுத்தேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எனக்கு வாசிக்கத் தெரியும். கைதான் ஓய்வதில்லை. நான் விதைக் கச்சான் கடலை உடைப்பேன், நீங்கள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு வாசிப்பீர்கள். அது இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி என்பீர்கள். அரை மணித்தியாலம் வாசிப்பு, ஒரு மணித்தியாலம் வழக்கு. நாவலில் வருகிற ஆட்கள் வட்டக்கச்சியில் பக்கத்து வளவில் இருக்கிறவர்கள் போலத்தான் நமக்கு.

இந்த நாவலில் வரும் மூத்தவளுக்காக நான் எவ்வளவு வாதாடினேன்! சாதி மாறிக் கலியாணம் கட்டிய தங்கச்சியைத் தன் மகளின் கலியாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டவள் அவள்.

"அவள் கெட்டவள் இல்லையக்கா. விரதம் பிடிக்கிறாள், கோயிலுக்கு விளக்கேத்திறாள். ஊர்முறையைத்தானே பாத்தவள்?"

"உன்னைப் போலை எண்டு சொல்லு."

"சும்மா இருங்கோ!" கச்சான் கோதை அள்ளி உங்கள் மேல் எறிந்தேன்.

கோதைத் தட்டிவிட்டுச் சிரித்தீர்கள். "எடியே, கதையிலை வாற ஆள் என்ன செய்தது எண்டு மட்டும் பாராதை. செய்ய வந்ததை எந்த இடத்திலை விட்டது எண்டும் பார். அங்கைதான் ஆள் தெரியும்" என்றீர்கள்.

நீங்கள் எதைச் சொன்னீர்கள் என்று எனக்கு விளங்காமலில்லை. என் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில், சின்னம்மா என்ற உரிமையோடு என் தங்கச்சி ஆலத்தித் தட்டைத் தூக்கினாள். அவளுடைய மனுஷன் செத்து அப்போது ஒரு வருடம். "நீ வைச்சிட்டுப் போ, சுமங்கலி ஆக்கள் எடுக்கட்டும்" என்று சபை நடுவில் சொன்னேன். தட்டை வைத்தாள். ஒரு வாய் சாப்பிடாமல் ஓமந்தையிலுள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒன்பது வருடம் எங்களுக்குள் ஒரு சொல் இல்லை.

அன்று நீங்களும் குசினியை விட்டு வெளியே வரவில்லை. உங்களுக்கும் புருஷன் இல்லை என்பது என் புத்தியில் படவேயில்லை அக்கா. பாயசம் காய்ச்ச ஒரு கை கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

கடைசி அத்தியாயத்தை நீங்கள் வாசித்தது சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். அன்று கச்சான் தீர்ந்துபோயிருந்தது. மூத்தவள் படலையைத் தள்ளித் திறக்கிறாள். முற்றத்தில் நின்ற தங்கச்சி, "வழி தெரிஞ்சுதோ?" என்று மட்டும் கேட்கிறாள். பிறகு உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். அந்தச் செம்பு வந்த இடத்தில் நான் விம்மி அழுதேன்.

"எனக்கு முதலே தெரியும், அவள் திறப்பாள் எண்டு," என்றேன்.

"இவ்வளவு நாளும் இல்லாத துணிச்சல் எங்காலை வந்தது?"

"ஒரு படலையைத் திறக்க என்ன துணிச்சல் அக்கா வேணும்?"

நீங்கள் புத்தகத்தை மூடினீர்கள்.

மறுநாள் விடிய நான் ஓமந்தை பஸ்ஸில் இருந்தேன். தங்கச்சி வீட்டுப் படலையில் கை வைத்தபோது உள்ளே சிரிப்புச் சத்தம். என் கால் திரும்பியேவிட்டது. அப்போது அந்த மூத்தவளை நினைத்தேன். அவள் திறந்தாளே, எனக்கென்ன வந்தது என்று தள்ளினேன். தங்கச்சி என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு, "செருப்பைக் கழட்டாமல் வா, முள்ளுக் கிடக்கு" என்றாள்.

இப்போது சொல்லுங்கோ. நான் யாரைப் பார்த்து அந்தப் படலையைத் திறந்தேன்? எந்த நாவலிலும் இல்லாத ஒருத்தியையா? வெள்ளிக்கிழமையும் அதுவுமாய், நெற்றி நிறையத் திருநீற்றோடு இருந்து பொய் வாசித்தீர்களா? பக்க இலக்கங்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. எனக்குக் கோபம் வந்தது அக்கா. புத்தகத்தைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, விளக்கேற்ற மறந்து அப்படியே இருந்தேன்.

பின்னேரம் தங்கச்சி வழக்கம்போலப் போன் எடுத்தாள். எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டினேன்.

"அப்ப அந்த மனிசி திரும்பிப் போட்டுதோ?"

"ஓமடி. பஸ் ஏறிப் போட்டாள்."

"போனால் போகட்டும். நீ வந்தனிதானே? பிறகென்ன கதை. மருந்து போட்டனியோ?"

அவளுக்கு அது அவ்வளவுதான். எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை. விடிய எழும்பி, நீங்கள் சொன்ன மாதிரி, அந்த மூத்தவள் விட்ட இடத்தைத் திரும்பவும் பார்த்தேன். படலையில் வைத்த கையைச் சேலையில் துடைக்கிறாள். அழுக்குப் பட்டது போல. எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அவள் திறக்க மாட்டாள். தட்டை வைக்கச் சொன்ன அன்றைக்கு நானும் என் கையைச் சேலையில் துடைத்தேன். நீங்கள் குசினி வாசலால் பார்த்திருப்பீர்கள்.

வருகிற தையில் மகன் வீட்டுப் பேத்திக்குச் சடங்கு. ஆலத்தி என் தங்கச்சிதான் எடுக்கிறாள். யாரும் வாய் திறந்தால் நான் பார்த்துக்கொள்வேன். மற்றப் பக்கத் தட்டு உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்துவிட்டது.

ஐயோ அக்கா, இதை எழுதும்போதுதான் நினைவு வருகிறது. அந்த வெள்ளிக்கிழமை உங்கள் கண்ணாடிக் கால் முறிந்திருந்தது. நூல் சுற்றித் தருகிறேன் என்று நான்தான் வாங்கி மடியில் வைத்திருந்தேன். நீங்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் புத்தகத்தை மூடிய பிறகுதான் அதைத் திருப்பித் தந்தேன்.