காருக்குள் மாட்டிய குரல்

நேற்று திருச்சுழிக்கு ஒரு சவாரி. பின் சீட்டில் இருந்த பெண் வழி கேட்கப் போனை எடுத்தாள். "இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்றது போன். உங்கள் குரல்.

பெண் குரல்தான். எல்லார் போனிலும் இருக்கிற, ஏற்ற இறக்கமே இல்லாத அந்தக் குரல்தான். ஆனால் கடைசிக் காலத்தில் நீங்கள் என்னோடு பேசியதெல்லாம் அதில்தானே? "என்னக்கா, திரும்பாமப் போறீக?" என்று அவள் கேட்ட பிறகுதான், திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி வந்துவிட்டது தெரிந்தது.

உங்கள் சொந்தக் குரல் அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி வரை யாருக்குத்தான் தெரியாது? நீங்கள் கண்டக்டராக நின்ற பஸ்ஸில் எத்தனை கூட்டம் இருந்தாலும் "உள்ள போங்க, உள்ள ஒரு ஊரே ஒக்காரலாம்" என்று நீங்கள் சொன்னால் ஜனங்கள் சிரித்துக்கொண்டே நகர்வார்கள். டூட்டி முடிந்து பாளையம்பட்டி வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பேச்சு ஓயாது. நான் 'ம்' கொட்டிக்கொண்டு கத்தரிக்காய் நறுக்குவேன். "ஏ புள்ள, இம்புட்டு வார்த்தைய மிச்சம் பிடிச்சு என்ன செய்யப் போற?" என்பீர்கள். "நீங்கதான் எனக்கும் சேத்துப் பேசுறீகளே" என்பேன்.

தொண்டையில் கட்டி என்றார்கள். உயிர் வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள். பஸ்ஸின் தூசி அந்தத் துளைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதும், உங்கள் தம்பி தன் பழைய காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய், தொண்டைக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்துக்கொண்டு வர அதில்தான் போனோம். நீங்கள் ஓட்டினீர்கள். நான் பக்கத்தில். டயர் உருள்கிற சத்தம் மட்டும் காருக்குள் கேட்கும். நான் ஏதாவது பேசலாமென்று வாயெடுப்பேன். பருத்திக் காட்டைப் பார்த்து "மழை பத்தல போல" என்பேன். நீங்கள் தலையசைப்பீர்கள். அதற்கு மேல் எனக்குப் பேசத் தெரியவில்லை.

கரண்ட் வைப்பது முடிந்த பிறகு ஒருநாள் கையில் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தீர்கள். பெட்டிமேல் கார் செட்டின் படம் இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இந்த நெலமையில பாட்டு ஒண்ணுதான் கொறச்சலாக்கும்?" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அப்போதெல்லாம் உங்கள் சிரிப்பு தோளில்தான் தெரியும். சத்தம் வராது.

"கடையில விட்டா அரை மணி நேரத்துல மாட்டிக் குடுத்துருவாங்கண்ணே" என்றார் உங்கள் தம்பி. நீங்கள் வேண்டாமென்று கையை ஆட்டி, போனில் எழுதிக் காட்டினீர்கள்: 'சும்மா இருந்து கை மரத்துப் போச்சு. நானே மாட்டுறேன்.'

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தெருவில் காரை நிறுத்தி, போனில் ஒரு வீடியோவைப் போட்டு வைத்துக்கொண்டோம். அதில் பேசியவன் ரயில் வேகத்தில் பேசினான். முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றச் சொன்னான், கழற்றினீர்கள். முன்பக்கத்துப் பிளாஸ்டிக் பலகையை நெம்பச் சொன்னான். நான் சமையலறையிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்து வந்தேன். நெம்பியதில் ஒரு கிளிப் பட்டென்று உடைந்தது. உள்ளே, முன்பு வண்டியை வைத்திருந்தவர்கள் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போன ஒயர்கள் கொத்தாகத் தொங்கின. வீடியோவில் இருந்த நிறம் ஒன்றும் இதில் இல்லை.

உங்களால் கழுத்தை வளைத்துக் குனிய முடியவில்லை. வலது தோளும் மேலே எழும்பவில்லை. கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, குறடை என் கையில் வைத்தீர்கள். "நானா? மிக்ஸிக்கு பியூஸ் போடக்கூடத் தெரியாதே எனக்கு!" என்றேன். ஆனாலும் சேலையைச் செருகிக்கொண்டு, பெடல்களுக்குப் பக்கத்தில் தலையைக் கொடுத்துப் படுத்தேன். கால் இரண்டும் தெருவில் நீட்டிக் கிடந்தன. எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "ஆத்தீ, என்னாச்சு?" என்று ஓடி வந்தாள்.

நீங்கள் மேலிருந்து பலகையில் தட்டிச் சொன்னீர்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். பஸ்ஸில் விசில் ஊதுகிற கணக்குத்தான். விசிலும் இனி உங்களால் ஊத முடியாது என்பது அந்த இடத்தில் கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முகத்தை வெளியே காட்டாமல் ஒயர் தோலைச் சீவிக்கொண்டிருந்தேன்.

செட்டின் மஞ்சள் ஒயர் காரில் எப்போதும் கரண்ட் வருகிற ஒயருக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வருகிற ஒயருக்கு, கறுப்பு வண்டியின் இரும்பு பாடிக்கு. எது எது என்று பார்க்க பேட்டரியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சின்ன பல்பை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டேன். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. கை தவறி இரண்டு ஒயரை ஒட்டவைத்துவிட்டேன். பொறி பறந்தது. நான் அலறினேன். பியூஸ் போய்விட்டது.

இருவரும் பஜாருக்கு நடந்தோம். நீங்கள் கருகிய பியூஸைக் கடைக்காரரிடம் நீட்டினீர்கள். அவர் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏன்க்கா, அவுகளுக்குக் காது கேக்குமா?" என்று கேட்டார்.

"நல்லாக் கேக்கும். நீங்க கேட்டதும் கேட்டுருச்சு" என்றேன்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து கடைத்தெருவில் நான் அப்படி வெடுக்கென்று பேசியதில்லை. வெளியே வந்ததும் உங்கள் தோள் குலுங்கியது. சிரிக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் கண்ணும் கலங்கியிருந்தது.

மத்தியானம் தாண்டி செட்டில் வெளிச்சம் வந்தது. முதலில் இடது கதவில் மட்டும் சத்தம் வந்தது. வலதில் ஒயர் நழுவியிருந்தது, முறுக்கி டேப் சுற்றினேன். ரேடியோவில் யாரோ ஒருத்தர் கணீரென்று மழை அறிவிப்பு வாசித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீங்களோ உடனே ரேடியோவை அணைத்தீர்கள். உங்கள் போனை செட்டோடு இணைத்து, மெதுவாக ஏதோ எழுதி, அதைப் போனையே வாசிக்க வைத்தீர்கள். நாலு பக்கமும் அந்தப் பெண் குரல் கேட்டது.

"ஏ புள்ள, நீ கார் ஓட்டப் பழகணும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பொம்பளை என்னைப் புள்ள என்கிறாளே! சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது.

"ஸ்டியரிங்க வளைக்க எனக்குத் தோள் எழும்ப மாட்டேங்குது. ரோட்டப் பாத்துக்கிட்டே என் கைச்சாடையப் பாக்க உன்னால முடியாது. அதுக்குத்தான் இந்த செட்டு."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பாட்டுக்கு என்று நினைத்து உங்களைக் கடிந்துகொண்டேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஒரு குரல் தேடியிருக்கிறீர்கள்.

நரிக்குடிப் பக்கம் வறண்ட கண்மாயை ஒட்டிப் போகிற ரோட்டில் பழகினேன். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல், எதிரே ஆள் நடமாட்டம் குறைவு. நீங்கள் எழுதி அது பேசுவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். ஆட்டுக்கூட்டம் கடந்து, மேய்க்கிறவரும் என்னைத் திட்டிவிட்டுப் போன பிறகு, "ஆடு வருது, பிரேக்கப் போடு" என்றது செட்டு. வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் சிரித்தோம். மறுநாள் 'கிளச்', 'மெதுவா', 'பிரேக்' என்று முன்கூட்டியே எழுதி வைத்து, விரலால் தொட்டால் பேசும்படி செய்துவிட்டீர்கள். வண்டி அணைந்து அணைந்து நின்றது. ஒருநாள் கண்மாய்க் கரையில் இறங்கி, "என்னால ஆகாது, விட்ருங்க" என்று சாவியை நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. போனையும் எடுக்கவில்லை. சும்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். திரும்ப ஏறி உட்கார்ந்தேன்.

லைசென்ஸ் வாங்கிக் கொஞ்ச நாளில் கட்டி திரும்ப வந்தது. அதற்குப் பிறகு நான்தான் மதுரைக்கு ஓட்டினேன். போகப்போக நீங்கள் எழுதுவது குறைந்தது. காரியாபட்டி தாண்டும்போது ஒரு தடவை, "நல்லா ஓட்டுற" என்றது செட்டு. திரும்பிப் பார்த்தேன். போன் மடியில் கிடந்தது, கண் மூடியிருந்தீர்கள்.

கடைசியாக உங்களைக் கொண்டு வந்தது ஆம்புலன்ஸில். "மதினி, நீங்க அண்ணனோட வாங்க, காரை நான் கொண்டாறேன்" என்றார் உங்கள் தம்பி. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது.

காரியமெல்லாம் முடிந்ததும், "காரை வித்துருவோமா மதினி?" என்று கேட்டார். "வேணாம்ப்பா, நான் ஓட்டிக்கிறேன்" என்றேன்.

வாடகைக்கு ஓட்டத் தொடங்கியதும் முதல் சவாரி வீரசோழனிலிருந்து ஓர் அம்மா. அதே ஆஸ்பத்திரிக்கு. அவரை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனால், பார்க்கிங்கில் நமக்கு எப்போதும் நிழலில் இடம் பிடித்து வைக்கிற வாட்ச்மேன் ஓடி வந்தார். பக்கத்து சீட்டைக் குனிந்து பார்த்து, "ஐயா வரலையாம்மா?" என்றார்.

"வரலண்ணே" என்றேன். அவர் இன்னொரு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

வீடு நிறைய ஜனம் இருந்த நாளில் எனக்கு அழுகை வரவில்லை. அன்று அந்த அம்மாவை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும்போது வந்தது. ரோடு தெரியவில்லை. அழுதுகொண்டு ஓட்டக் கூடாது என்று தோன்றியது. ஓரங்கட்டி, வண்டியை அணைத்து, ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, இண்டிகேட்டர் போட்டு ரோட்டில் ஏறினேன்.

இப்போதும் அப்படித்தான். நேற்றும் அந்தப் பெண்ணைத் திருச்சுழியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஓரங்கட்டி அழுதேன். ஆனால் ஓட்டும்போது அழுவதில்லை.